துவக்கும் தோல் நிறமும்



'துவக்கு' என்ற சொல்லோடு இன்றைய உரையைத் துவக்குகிறேன். தமிழகத்தார் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கிறோம். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. துருக்கியர் வாயிலே 'துபெக்' என்று வழங்கிய சொல் பாரசீகம், இந்துஸ்தானி என்று பல நாவுகளைத் தாண்டி வந்து, ஒரு கரையில் துப்பாக்கியாகவும் மறுகரையில் துவக்காகவும் நிலைத்துவிட்டது. திருக்குறளின் பன்னிரண்டாவது குறளைப் படிப்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பின் பின்வாங்கிலிலிருந்து சிரிப்பொலி எழும். உணவை உண்டாக்குவது என்ற பொருளில் வள்ளுவர் எழுதியதைப் பிள்ளைகள் ஆயுதமாக வாசித்துவிடுவார்கள். உணவுக்கும் ஆயுதத்துக்கும் ஒரே எழுத்துக்கள். அந்தத் தற்செயலைப் பற்றி நான் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது ஒரு பழைய கடதாசி.

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் உறுதிகளைத் தேடியபோது, என் பாட்டனாரின் துவக்கு லைசன்ஸ் கைக்கு அகப்பட்டது. பரந்தனில் அவருக்கு வயல் இருந்தது. பன்றி கலைக்க ஒரு துவக்கு வைத்திருந்தார். யாழ்ப்பாணக் கச்சேரியின் முத்திரை. ஆண்டுதோறும் புதுப்பித்த கையெழுத்துக்கள். தலைப்பில் சட்டத்தின் பெயர். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டாலும் இன்றும் இந்நாட்டில் துவக்கை ஆள்வது அந்தச் சட்டந்தான்.

1916 என்ற எண் என்னை நிறுத்தியது. அதற்கு முந்திய ஆண்டு இலங்கையில் என்ன நடந்தது என்பதைச் சரித்திரம் படித்த எவரும் மறக்கமாட்டார்கள்.

1915 மே 28ஆந் திகதி இரவு, வெசாக் காலத்தில், கண்டியிலே சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. பள்ளிவாசலுக்கு முன்னால் பெரஹரா மேளத்துடன் போகலாமா கூடாதா என்பதே மூலப் பிணக்கு. சில நாட்களில் கலவரம் மேற்கு, தென் மாகாணங்களுக்கும் பரவிற்று. முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன; உயிர்கள் போயின. ஜூன் 2ஆந் திகதி அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. அப்போது முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆங்கில இராச்சியத்துக்கு எதிரான சதி ஒன்று இதில் மறைந்திருக்கிறது என்று அதிகாரிகள் கருதினர். பஞ்சாப் சிப்பாய்கள் இறக்கப்பட்டார்கள். அவர்களோடு தோட்டத் துரைமாரும் துவக்கெடுத்துப் புறப்பட்டார்கள். வெள்ளையரை மட்டுமே சேர்த்துக்கொண்ட 'சிலோன் பிளான்ரேர்ஸ் றைபிள் கோர்' என்ற படை 1900ஆம் ஆண்டிலிருந்தே இருந்தது. நேற்றுவரை தேயிலைக் கொழுந்தின் நிறையைக் கணக்கெடுத்தவர், இன்று கிராமத்துக்குள் புகுந்து உயிரைக் கணக்கெடுக்கும் அதிகாரம் பெற்றார். விசாரணையின்றிச் சுடப்பட்டவர்கள் உண்டு.

கலவரம் ஓய்ந்த பின்பும் தண்டனை ஓயவில்லை. இருபத்தாறு வயதான எட்வேட் ஹென்றி பேதிரிஸ் என்னும் வாலிபன், கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாக இருந்தவன், இராணுவ நீதிமன்றத்தால் தீர்ப்பளிக்கப்பட்டு ஜூலை 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டான். நூற்றாண்டும் கடந்து 2024இலேதான் அவனுக்கு அரசு மன்னிப்பு வழங்கியது. டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக முதலிய தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கலவரத்தின் நட்டஈட்டை, குற்றஞ்செய்தவன் யார் செய்யாதவன் யார் என்று பாராமல், அவ்வப் பகுதிச் சிங்களவரிடமிருந்து அறவிடச் சட்டம் வந்தது. ஒருவன் செய்ததற்காக அன்றி, ஒருவன் பிறந்ததற்காகக் கட்டும் தண்டம் அது.

இத்தனையும் நடந்தபோது தேசாதிபதியாக இருந்தவர் சேர் றொபேட் சால்மர்ஸ். இவர் சாதாரண உத்தியோகத்தர் அல்லர். பாளி மொழியில் வல்லவர். புத்தரின் போதனைகளைப் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். இலக்கியம் மனிதனைப் பண்படுத்தும் என்று மேடைதோறும் சொல்லிவரும் எனக்கு இந்தச் செய்தி தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது.

சட்டசபையில் இந்த அநியாயத்தை எதிர்த்து முழங்கியவர் நம்மவரான சேர் பொன்னம்பலம் இராமநாதன். இங்கிலாந்துக்குப் போய் வாதாடினார். 1916இல் நூலும் வெளியிட்டார். அவர் திரும்பிவந்தபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே அவருடைய வண்டியை இழுத்த கதையை நாம் பெருமையோடு சொல்லுவோம். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் கதையை அவ்வளவில் முடித்துவிடுகிறோம். கடை எரிந்து, உறவு இழந்து நின்ற முஸ்லிம் மக்களுக்கு அந்த வாதம் எவ்வாறு கேட்டிருக்கும்? அவர்களுடைய நெஞ்சில் அது ஆறாத வடுவாக நின்றது. ஒரு சமூகத்துக்காகப் பேசும்போது மற்றொரு சமூகத்தின் புண்ணை மறப்பது, நல்லவர்களுக்கும் நேரக்கூடிய பிழை. இதை நான் பின்னாலும் சொல்ல வேண்டி வரும்.

அடுத்த ஆண்டே சுடுகலன்கள் சட்டம் வந்தது. அதில் 'சிங்களவன்', 'தமிழன்', 'வெள்ளைக்காரன்' என்ற சொற்களைத் தேடவேண்டியதில்லை. அது எல்லோருக்கும் பொது. துவக்கு வைத்திருக்க லைசன்ஸ் வேண்டும். லைசன்சை அரசாங்க அதிபர் வழங்குவார். அவ்வளவுதான். ஆனால் 1916இல் ஏசண்டுத் துரையின் ஆசனத்தில் இருந்தவர் யார், அவர் முன்னே வெய்யிலில் நின்றவர் யார் என்று கேட்டால் மட்டுமே அந்தப் 'பொது'வின் பொருள் விளங்கும்.

அயலிலே இந்தியாவில் இவ்வளவு நாசூக்குக்கூட இருக்கவில்லை. 1878இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்தியன் ஆயுதம் வைத்திருக்க லைசன்ஸ் எடுக்கவேண்டும். ஐரோப்பியருக்கும் ஐரோப்பியக் கலப்பினருக்கும் விலக்கு. அதே லிட்டன், அதே 1878இல், சுதேச மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தையும் கொண்டுவந்தார். ஆங்கிலப் பத்திரிகைக்கு அந்தக் கட்டு இல்லை. நாவுக்கும் கைக்கும் ஒரே ஆண்டில் விலங்கு! பத்திரிகைச் சட்டத்தை றிப்பன் பிரபு 1882இல் நீக்கிவிட்டார். ஆயுதச் சட்டத்தை நீக்கவில்லை. எழுத்தைவிட இரும்புக்கே இராச்சியம் அதிகம் அஞ்சியது போலும்.

இந்திய தேசிய காங்கிரசின் மூன்றாவது மகாநாடு 1887இல் சென்னையிலே, பத்ருதீன் தியாப்ஜியின் தலைமையில் கூடியபோது, விபின் சந்திர பாலர் இந்தப் பாரபட்சத்தை எதிர்த்துப் பேசினார். அகிம்சையின் வடிவமான காந்தியடிகள்கூட, ஆங்கில ஆட்சியின் தீச்செயல்களில் ஒரு நாட்டையே நிராயுதபாணியாக்கிய இச்சட்டத்தை மிகக் கரியது என்று எழுதினார். 1927 நவம்பரில் நம் யாழ்ப்பாண மண்ணில் கால்வைத்துக் கதர் நிதி திரட்டிய அதே காந்தி. துவக்கை அவர் விரும்பியவரல்லர். 'உன்னை நம்பமுடியாது' என்று ஒரு நாட்டு மக்களின் முகத்துக்கு நேரே சட்டம் சொல்வதையே அவர் வெறுத்தார். 1931இல் கராச்சியில் நிறைவேறிய அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும், ஒழுங்குவிதிகளுக்கு அமைய ஆயுதம் வைத்திருக்கும் உரிமை ஒவ்வொரு பிரசைக்கும் உண்டு என்று சேர்த்துக்கொண்டார்கள்.

விலக்கு என்பதும் ஒரு விசித்திரமான பரிசு. 1857 கிளர்ச்சிக்குப் பின்னர் விசுவாசத்துக்கு வெகுமதியாகக் குடகு நாட்டாருக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தது ஆங்கில அரசு. அந்த விலக்கு சுதந்திர இந்தியாவிலும் தொடர்கிறது. மறுபக்கத்தில் மதுரைச் சீமையின் கள்ளர்களை என்ன செய்தார்கள்? ஊர்க்காவலைத் தொழிலாகக் கொண்டிருந்த மக்களைக் 'குற்றப் பரம்பரை' என்று பதிந்து, பெருவிரல் ரேகை எடுத்து, இரவில் பொலிஸ் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3ஆந் திகதி பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த மக்கள் மீது பொலிஸ் சுட்டது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். காவல் காத்தவன் குற்றவாளியானான். புதிய காவலன் துவக்கோடு வந்தான்.

1878க்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அதே ஆண்டில் தென்னாபிரிக்காவின் கேப் குடியேற்ற அரசு 'சமாதானப் பாதுகாப்பு' என்ற அழகான பெயரில் ஒரு சட்டம் இயற்றிற்று. கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் முதுகொடிய உழைத்த பசூட்டோ மக்கள் தம் கூலியைக் கொண்டு துவக்குகளை வாங்கிச் சேர்த்திருந்தார்கள். அவற்றை ஒப்படைக்கும்படி கட்டளை பிறந்தது. அவர்கள் மறுத்தார்கள். 1880, 1881ஆம் ஆண்டுகளில் நடந்த அந்தப் போருக்குச் சரித்திரத்தில் 'துவக்கு யுத்தம்' என்றே பெயர். கேப் அரசால் வெல்ல முடியவில்லை. 1884இல் அந்நாட்டை இலண்டன் நேரடியாகப் பொறுப்பேற்க நேர்ந்தது.

இனி அமெரிக்காவைப் பாருங்கள். ஆயுதம் ஏந்துவதைப் பிரசையின் உரிமை என்று அரசியல் யாப்பிலே பொறித்த நாடு அது. ஆனால் அங்கே அடிமைகளின் குடிசைகளில் புகுந்து ஆயுதம் தேடுவதற்கென்றே, கரோலைனா முதலிய தென்பகுதிகளில், பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலிருந்தே காவற்குழுக்கள் திரிந்தன. 1857இல் ட்றெட் ஸ்கொட் வழக்கில் கறுப்பர் பிரசைகள் அல்லர் என்று தீர்ப்பெழுதிய பிரதம நீதியரசர், அவர்களைப் பிரசைகளாக ஏற்றால் விரும்பிய இடமெல்லாம் ஆயுதத்தோடு செல்லும் உரிமையும் வந்துவிடுமே என்பதையும் ஒரு காரணமாகக் காட்டினார். 1865இல் அடிமைத்தனம் ஒழிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலைபெற்ற கறுப்பர் அனுமதியின்றித் துவக்கு வைத்திருத்தல் ஆகாது என்று சட்டம் செய்துவிட்டது.

1868இல் அரசியல் யாப்பின் பதினான்காவது திருத்தம் சட்டத்தின் முன் யாவரும் சமம் என்றது. அதன் பின் 'கறுப்பன்' என்ற சொல்லைச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதமுடியாது. எனவே சொல்லை எடுத்துவிட்டார்கள், செயலை விடவில்லை. 1893இல் புளோரிடா மாநிலம் றைபிளுக்கு லைசன்ஸ் வேண்டும் என்று பொதுப்படச் சட்டம் இயற்றியது. சுமார் ஐம்பது ஆண்டுகளின் பின், 1941இல், அம்மாநில உயர்நீதிமன்றத்தின் நீதியரசர் ஒருவரே உண்மையை உடைத்துச் சொன்னார்: இச்சட்டம் கறுப்புத் தொழிலாளரை நிராயுதபாணியாக்கவே வந்தது, வெள்ளையர் மீது பிரயோகிக்கும் எண்ணம் ஒருபோதும் இருந்ததில்லை. 1956இல் மாட்டின் லூதர் கிங்கின் வீட்டுக்குக் குண்டு வீசப்பட்டது. தம் பாதுகாப்புக்காகக் கைத்துவக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். 1967இல் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தார் பொலிசாரைக் கண்காணிப்பதற்காகத் துவக்கோடு தெருவில் நடந்தபோதுதான், கலிபோர்னியா மாநிலம் பொதுவிடத்தில் நிரப்பிய துவக்கு ஏந்துவதைத் தடைசெய்ய அவசரப்பட்டது.

இந்த வரலாறுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. முதலில் பேதம் சட்டத்தின் எழுத்திலே இருக்கிறது. எழுத்து வெட்கப்படத் தொடங்கியதும் பேதம் அங்கிருந்து இறங்கி, உத்தியோகத்தரின் பேனாவுக்குள் போய் இருந்துகொள்கிறது. 'தகுதியானவர்', 'நன்னடத்தை உள்ளவர்', 'போதிய காரணம்' — இச்சொற்களில் நிறம் இல்லை, சாதி இல்லை, மதம் இல்லை. ஆனால் அவற்றுக்குப் பொருள் கூறுகிற உரையாசிரியர் ஒருவர் இருக்கிறார். சூத்திரத்தைவிட உரையே பெரிது என்பதைத் தமிழ் மாணவனுக்குச் சொல்லித் தரவேண்டுமா?

நமது பொலிசின் பிறப்பையும் இங்கே நினைத்துக்கொள்வோம். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்து, 1866 செப்ரெம்பர் 3ஆந் திகதி கம்பெல் துரை தலைமையேற்ற படை அது. 1913 முதல் 1937 வரை அதன் தலைவராயிருந்த டௌபிகின், பின்னர் பலஸ்தீனத்தின் பொலிசைத் திருத்தியமைக்கவும் 1930இல் ஆலோசகராக அனுப்பப்பட்டார். குடியேற்ற நாடு ஒன்றில் கற்ற காவலை இன்னொரு குடியேற்ற நாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். ஊருக்குள் அந்தப் படைக்குக் கண்ணும் காதுமாக இருந்தவர்கள் உடையாரும் விதானைமாரும். அப்பதவிகள் பெரும்பாலும் வேளாளரிடமே இருந்தன என்பது நமக்குத் தெரிந்த கதை.

இந்த இடத்தில் என் பாட்டனாரின் கடதாசிக்குத் திரும்புகிறேன். அந்த வயலில் இரவுக் காவல் இருந்தவர் இப்போதும் எங்கள் ஊரில் இருக்கிறார்; வயது எண்பதைக் கடந்துவிட்டது. லைசன்சைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். வாசிக்கத் தெரியாத அவர் முத்திரையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"துவக்கு உங்கடை அப்புவின்ரை பேரிலை, மாஸ்டர். பனியிலை காவல் இருந்தது நான். பண்டி விழுந்தால் இறைச்சி உங்கடை வீட்டுக்கு. பொலிஸ் கண்டால் மறியல் எனக்கு."

"நீங்கள் ஒரு லைசன்ஸ் எடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் கேள்வியின் அறியாமை எனக்கு உறைத்தது.

"விதானையார் எழுதித் தரவேணுமெல்லோ. எங்களுக்கு ஆர் எழுதித் தருவினம்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யாத வருடத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். விதானை முறை 1963இல் ஒழிந்தது. ஆனால் எழுதித் தராத அந்தப் பேனா ஒழிந்ததா? நம் பேச்சுத் தமிழில் துவக்குக்கும் துடக்குக்கும் ஓரெழுத்துத்தான் பேதம். துடக்கு என்று யாரைத் தள்ளிவைத்தோமோ அவர்களுக்குத் துவக்கும் இல்லை, கிணறும் இல்லை, கோயிற் படியும் இல்லை.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கோயில், தேநீர்க்கடை எங்கும் ஒருவரைச் சாதி சொல்லித் தடுப்பது குற்றம் என்றது. அந்தச் சட்டத்தைச் செயற்படுத்துமாறு கேட்டு 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டபோது, பொலிசாரின் குண்டாந்தடி சட்டத்தை மீறியவர்கள் மீது விழவில்லை. சட்டத்தைக் கேட்டவர்கள் மீதே விழுந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்ததை நாடே பார்த்தது. சங்கானைப் பக்கத்தில் துவக்குச் சூடுகளும் கேட்டன. அந்தக் காலத்தைத் தம் எழுத்தில் பதிந்த கே. டானியலை நான் பாடத்திட்டத்துக்காக வாசித்தேன். என் வீட்டுப் பெட்டகத்துக்காக வாசிக்கப் பல ஆண்டுகள் சென்றன.

பின்பு அந்தப் பேனா நம் எல்லோருக்கும் எதிராகவும் திரும்பியது. 1974 ஜனவரி 10ஆந் திகதி தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில், வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால், பொலிசின் செயலால் உயிர்கள் பலியாயின. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. மூன்றாண்டுக்கென்று பிறந்து நிரந்தரமாயிற்று. 1981 மே 31ஆந் திகதி பொலிசார் நகரில் தீவைக்கத் தொடங்கினர். நமது பொதுநூலகமும் சாம்பலாயிற்று. 1983 ஜூன் 3ஆந் திகதிய அவசரகால விதி 15ஏ, சுடப்பட்டவரின் உடலை மரண விசாரணையின்றியே புதைக்கவோ எரிக்கவோ அனுமதித்தது. 1915இல் தோட்டத் துரை பெற்ற அதிகாரத்துக்குப் புதிய பெயர்கள், அவ்வளவே. செங்கோல் பிடித்தவன் கேட்பதும் வழிப்பறிக்காரன் வேலோடு நின்று கேட்பதும் ஒன்றாகிவிடும் நிலையை வள்ளுவர் அறிந்திருந்தார்.

அப்படியானால் எல்லோர் கையிலும் துவக்கிருந்தால் நீதி வந்துவிடுமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு நம் மண்ணே விடை சொல்லியிருக்கிறது. 1990 ஒக்ரோபரில், நம்மவர் கையில் துவக்கு இருந்தபோது, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஒரு மனிதரையும் விசாரிக்கவில்லை. பிறப்பு ஒன்றே குற்றமாயிற்று. நான் அப்போது சிறுவன். என்னோடு படித்தவனின் இடம் மறுநாள் வகுப்பில் வெறுமையாக இருந்தது. யாரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. 1915இன் நட்டஈட்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசும் நாக்கு 1990ஐப் பற்றியும் பேசவேண்டும். இல்லாவிட்டால் அது சரித்திரம் அல்ல, வழக்கறிஞர் வாதம்.

ஆதலால் துவக்கை யார் வைத்திருக்கிறார் என்ற கேள்வியோடு நின்றுவிடக்கூடாது. அவரிடம் கேள்வி கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. ஆயுதத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும். இத்தனை பிணங்களைச் சுமந்த நாம் அதை வேண்டாமென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தின் முன்னால் விண்ணப்பத்தோடு நிற்பவனின் நிறத்தையும் சாதியையும் மொழியையும் பாராத கண் ஒன்று வேண்டும். மறுத்தால் ஏன் மறுத்தாய் என்று கேட்க ஒரு வாசல் வேண்டும். அது இல்லாதவரை சட்டம் என்பது முத்திரை குத்திய பேதந்தான்.

அந்த லைசன்ஸ் இப்போது என் மேசையில் இருக்கிறது. துவக்கு எப்போதோ போய்விட்டது, வயலும் கைமாறிவிட்டது. அந்த முதியவரின் பேரன் இவ்வாண்டு உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கிறான். பன்னிரண்டாவது குறளுக்கு வந்தபோது மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. எழுந்து, "சேர், ஒரே எழுத்துத்தானே, எது சாப்பாடு, எது துவக்கு எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான்.

சொல்லைப் பிரிக்கிறவரைப் பொறுத்தது, என்று சொன்னேன்.